ஆய்வுக் கேள்வியை வகுக்கும்போதே கமக்காரரையும் கடற்றொழிலாளரையும் அழையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

குளப் புனரமைப்பு, கண்டற்காடுகளின் மீள்நடுகை, கடற்பசுப் பாதுகாப்பு ஆகியவை தொடர்பாகக் கொழும்பில் நடைபெறும் ஆய்வரங்குகள் பற்றிய செய்திகள் தங்கள் பத்திரிகையில் அடிக்கடி வெளிவருகின்றன. உள்ளூர் மக்களின் பாரம்பரிய அறிவும் நவீன விஞ்ஞானமும் இணைக்கப்படும் என்ற உறுதிமொழி அச்செய்திகளில் பெரும்பாலும் இருக்கும். எந்தக் கட்டத்தில், யாருடைய தீர்மானத்தின்படி இணைக்கப்படும் என்ற விபரம் இருப்பதில்லை. நீர்ப்பாசனத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில் இதுபற்றிச் சில கருத்துகளைத் தங்கள் வாசகர் முன் வைக்க விரும்புகிறேன். ஆய்வின் கேள்வி முடிவாகி, வினாக்கொத்து அச்சாகி, வாகனம் வன்னிக்கோ வாகரைக்கோ புறப்பட்ட பின்னர் கமக்காரரிடமும் கடற்றொழிலாளரிடமும் தகவல் கேட்டு வருவது வெறும் தகவல் சேகரிப்பு. அதற்கு இணைப்பு என்று பெயரிடுவது பொருந்தாது. எதை ஆராய்வது என்று தீர்மானிக்கும் கூட்டத்துக்கே அவர்கள் அழைக்கப்பட வேண்டும் என்பதுதான் இக்கடிதத்தின் நோக்கம்.

எனக்கு நன்கு பழக்கமான குளங்களிலிருந்தே தொடங்குகிறேன். உலர்வலயத்தின் சிறுகுளங்கள் நெடுங்காலமாக அலுவலகக் கோப்புகளில் தனித்தனி நீர்த்தேக்கங்களாகவே பதியப்பட்டிருந்தன. ஒவ்வொரு குளத்துக்கும் ஒரு நீரேந்து பரப்பு, ஒரு கொள்ளளவு, மிகைநீர் வழிந்தோடும் ஒரு வான் மட்டம், ஒரு வயற்பரப்பு என்று இருக்கும்; திருத்த வேலைக்கான மதிப்பீடும் அந்தக் குளத்தோடு தொடங்கி அந்தக் குளத்தோடு முடிந்துவிடும். ஆனால், மேற்குளத்து வயலிலிருந்து வடியும் நீரே கீழ்க்குளத்துக்கு வரத்து என்பதையும், ஒரே சிறு பள்ளத்தாக்கில் அடுத்தடுத்து அமைந்த குளங்கள் யாவும் ஒரே நீரையே மாறி மாறிப் பயன்படுத்துகின்றன என்பதையும் அந்தக் கிராமத்தார் எக்காலத்திலும் அறிந்தே இருந்தார்கள். சிங்களக் கிராமங்களில் எல்லங்காவ என வழங்கும் இந்தக் குளத்தொடர் அமைப்பைப் பேராசிரியர் சி. எம். மத்தும பண்டார 1985 ஆம் ஆண்டு முறையாக விவரித்து ஆய்வுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். அதன் பின்னரே குளத்தொடர் முழுவதையும் ஓர் அலகாகக் கணிக்கும் வழக்கம் பொறியியலாளரிடையே மெல்ல மெல்லப் பரவியது. 2017 ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் உணவு விவசாய நிறுவனம் இதனை உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபுரிமை முறைமைகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

அந்த அமைப்பில் கட்டும் நீர் திறக்கும் துருசும் வானும் மாத்திரம் அடங்கவில்லை. குளத்தின் மேற்புறத்தில் நீர் விளிம்பை ஒட்டி நிற்கும் மரத்தொகுதியைச் சிங்களக் கிராமத்தார் கஸ்கொம்மன என்பர். அது காற்றின் வேகத்தைத் தணித்து நீர் ஆவியாவதைக் குறைக்கிறது. அதனை அடுத்துள்ள பெரஹன என்னும் புற்றரை, வெள்ளத்தோடு வரும் மண்ணை வடிகட்டிவிடுகிறது. வண்டலை முன்கூட்டியே பிடித்துவைப்பதற்காகவும், காட்டு விலங்குகள் ஊருக்குள் வராமல் அங்கேயே நீரருந்துவதற்காகவும் இன்னும் மேலே ஒரு சிறுகுளம் விடப்படுவதுண்டு. குளக்கட்டுக்கும் வயலுக்கும் இடையே கட்டகடுவ எனப்படும் மரமும் செடியும் அடர்ந்த தாழ்நிலம் ஒன்று இருக்கும். கட்டின் அடியால் கசிந்து வரும் நீரிலுள்ள உப்பு வயலுக்குச் சென்று சேராமல் தடுப்பது அதன் வேலை. வரைபடத்தை மட்டும் பார்க்கும் ஓர் அலுவலருக்கு இவையெல்லாம் பயன்படாத பற்றைநிலமாகவே தோன்றும். ஆகவே, புனரமைப்பு என்ற பெயரில் கட்டகடுவையை வெட்டி வயலாக்குவதும், நீர் விளிம்பிலுள்ள அலைகரை மரங்களை அகற்றுவதும், கனரக இயந்திரத்தால் குளத்தின் அடியைத் தோண்டி, அள்ளிய மண்ணை மேற்புறக் கரையிலேயே குவிப்பதும் பல இடங்களில் நடந்தன. கணக்கில் கொள்ளளவு கூடியிருக்கும். அடுத்த மாரியில் அந்த மண் திரும்பவும் குளத்துக்குள் வந்துவிடும்.

மேற்குளத்தின் வான் மட்டத்தை உயர்த்தினால் கீழ்க்குளம் நிரம்பாத ஆண்டுகள் கூடும். இதை அறிந்துகொள்ளக் கணினி மாதிரியுரு எதுவும் வேண்டியதில்லை. கீழ்க்குளத்துக் கமக்காரர் ஒருவரிடம் கேட்டாலே போதும். எத்தனை ஆண்டுகளில் எவ்வளவு நீர் குறையும், அந்தக் குறைவை ஈடுசெய்ய வானை எவ்வளவு தாழ்த்த வேண்டும் என்ற கேள்விகளுக்கு விடை காண்பதற்கோ மழைவீழ்ச்சிப் பதிவும், ஆவியாதல் அளவீடும், கணிப்பும் இன்றியமையாதவை. அந்த விடையைக் கமக்காரர் அனுபவத்தால் மட்டும் சொல்லிவிட முடியாது. அத்துடன், பருவமழை தொடங்கும் காலமும் அதன் செறிவும் மாறிவரும் இந்நாளில், பாட்டன் காலத்து மழைக்குறிகள் எந்த அளவுக்கு இன்னும் பொருந்துகின்றன என்பதைச் சோதித்துப் பார்க்க வேண்டிய தேவையைக் கமக்காரரே உணர்ந்திருக்கிறார்கள். இரு வகை அறிவும் ஒன்றையொன்று எந்த இடத்தில் நாடி நிற்கின்றன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

இதில் வன்னிக்கென்று ஒரு தனித் துயரமும் உண்டு. போரினால் இடம்பெயர்ந்து பல்லாண்டுகளின் பின்னர் மீளக் குடியேறிய ஊர்களில், எந்த வாய்க்கால் எந்தக் குளத்துக்குச் சென்றது, எந்த வெள்ளத்தின்போது எங்கே உடைப்பெடுத்தது என்று இடத்தைச் சுட்டிக் காட்டக்கூடிய முதியோர் சிலரே எஞ்சியிருக்கிறார்கள். அவர்களை அழைத்துச் சென்று குளத்துக்குக் குளம் நடந்து, அவர்கள் சொல்வதைப் புவிநிலைப் பதிவோடு வரைபடத்தில் குறிக்கும் வேலைக்குப் பெரிய நிதி தேவையில்லை. வவுனியாப் பல்கலைக்கழகத்து மாணவரும் அந்தந்த ஊர்க் கமக்காரர் அமைப்பும் சேர்ந்தால் அதைச் செய்து முடிக்கலாம். தாமதிக்கக்கூடிய வேலையன்று அது.

குளத்தை விட்டுக் கரையோரத்துக்கு வருகிறேன். 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னர் கண்டல் நடுகை இந்நாட்டில் ஓர் இயக்கமாகவே நடந்தது. நன்கொடை நிறுவனங்களும் அரச நிறுவனங்களும் தொண்டு நிறுவனங்களும் போட்டியிட்டு நட்டன, படம் எடுத்தன, நட்ட கன்றுகளின் தொகையை அறிக்கையில் சேர்த்தன. என்ன மிஞ்சியது என்பதைப் பரிசோதித்து 2017 இல் வெளியான ஓர் ஆய்வு, நடுகைக்கு உட்பட்ட ஏறத்தாழ 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் பரப்பில் 200 முதல் 220 ஹெக்டேயரில் மட்டுமே கண்டல் நிலைத்திருக்கக் கண்டது. ஆராயப்பட்ட 23 இடங்களில் 9 இடங்களில் ஒரு கன்றுகூட உயிருடன் இல்லை. பொருத்தமற்ற இடத்தெரிவும், நட்ட பின்னர் கவனிப்பாரின்மையும் இதற்கான முக்கிய காரணங்கள். ஒரு கண்டல் இனம் நாளில் எவ்வளவு நேரம் நீரில் மூழ்கியிருக்கலாம், எந்த அளவு உவர்ப்பைத் தாங்கும் என்பவற்றைத் தாவரவியல் அறியும். அந்தக் களப்பின் முகத்துவாரம் எந்த மாதத்தில் மூடும், எந்த மாதத்தில் வெட்டித் திறக்கப்படும், எந்தச் சேற்றுத்தரை ஆண்டின் பாதிக்காலம் ஆழ நீரின் கீழ் இருக்கும் என்பவற்றை அங்கே வலை வீசுகிறவர் அறிவார். சிறுவயதில் தூண்டில் பிடித்த இடத்திலேயே முதுமையடைந்தவருக்கு, கண்டல் தானாக ஒருபோதும் முளைத்திராத திடலில் நடும் கன்று நில்லாது என்று தெரியும். நடுகை நாளன்று அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை, கூலிக்குக் குழி தோண்டுவது.

கடற்றொழிலாளரின் அறிவை விஞ்ஞானம் முற்றாகப் புறக்கணித்ததாக நான் சொல்லவில்லை. மன்னார் வளைகுடாவின் முத்துப்படுக்கைகளை ஆராய்வதற்காக 1902 இல் இங்கு வந்த பேராசிரியர் ஹேர்ட்மனும் அவரோடு வந்த ஜேம்ஸ் ஹோர்னெலும் எழுதிய பெரும் அறிக்கையில், கடலடித் திட்டுகள் யாவும் பெரிய பார் முதலாகக் குளியாளரும் சம்மாட்டியாரும் வழங்கிய பெயர்களாலேயே குறிக்கப்படுகின்றன. அவர்களது வழிகாட்டல் இல்லாமல் அந்த அறிக்கையின் வரைபடங்கள் உருவாகியிருக்க மாட்டா. ஆனால் நூற்றாண்டு கடந்த பின்னரும் நாம் அந்த நிலையிலிருந்து வெகுதூரம் நகரவில்லை என்பதே என் குறை: இடத்தைக் காட்டுவதற்கு ஊரார், எதைத் தேடுவது என்று தீர்மானிப்பதற்கு வெளியார்.

ஊரறிவைப் போற்றிக்கொண்டே அதை உடையவரை அகற்றிவிடவும் முடியும் என்பதற்கு மாதுறு ஓயா சான்று. மகாவலித் திட்டத்தின் கீழ் அங்கு அணை கட்ட நவீன பொறியியலாளர் தெரிந்தெடுத்த இடத்திலேயே பண்டைக்காலத் துருசு ஒன்று புதைந்திருக்கக் காணப்பட்டது. முன்னோரின் இடத்தெரிவைப் பொறியியல் உலகம் வியந்து பாராட்டியது. அந்தப் பாராட்டு நியாயமானதே. அதே ஆற்றுப் படுகையில் 1983 ஆம் ஆண்டு தேசியப் பூங்கா பிரகடனம் செய்யப்பட்டபோது, அந்தக் காட்டில் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடியும் தேனெடுத்தும் வாழ்ந்த வேடர் சமூகத்தவர் வெளியேற நேர்ந்தது. காட்டைக் காக்க வேண்டும் என்ற நோக்கத்தில் எனக்கு ஐயமில்லை. அந்தக் காட்டில் எந்த விலங்கு எந்தப் பருவத்தில் எங்கே நீர் தேடும் என்று அறிந்தவர்களைக் காட்டின் எல்லைக்கு வெளியே நிறுத்திவிட்டு, அதே கேள்விக்கு விடை தேட ஆய்வுக்குழுக்களை உள்ளே அனுப்புவதில் உள்ள முரண்பாடுதான் எனக்கு விளங்கவில்லை. வாகரை, வெருகல், மூதூர்ப் பகுதிகளில் தமிழ் பேசி வாழும் கரையோர வேடர்களைப் பற்றியோ, கொழும்பில் பழங்குடியினர் பற்றி நடக்கும் கூட்டங்களில் பேச்சே எழுவது அரிது.

யார் பழங்குடி, யார் அல்லர் என்ற விவாதத்தில் நுழைய இக்கடிதத்தில் நான் விரும்பவில்லை; இந்நாட்டில் அது வேறு திசையில் இழுத்துச் சென்றுவிடும். இலங்கை 1994 இல் ஏற்புறுதி செய்த உயிர்ப்பல்வகைமைச் சமவாயத்தின் 8 ஆம் உறுப்புரையின் (ஜே) பந்தி, பழங்குடிச் சமூகங்களையும் உள்ளூர்ச் சமூகங்களையும் சேர்த்தே குறிப்பிடுகிறது. அவர்களுடைய அறிவை மதித்துப் பேண வேண்டும், அதனை உடையோரின் இசைவோடும் பங்கேற்போடும் பயன்படுத்த வேண்டும், வரும் பயனை நியாயமாகப் பகிர ஊக்குவிக்க வேண்டும் என்று அது கூறுகிறது. முல்லைத்தீவுக் கமக்காரருக்கும் மன்னார்க் கடற்றொழிலாளருக்கும் அதன் பாதுகாப்பு உண்டு.

மரபறிவு என்றவுடன் அதைக் கேள்விக்கு அப்பாற்பட்டதாகக் கொள்வோரும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. விஷக்கல் பாம்பு நஞ்சை உறிஞ்சிவிடும் என்ற நம்பிக்கை ஊரூராக உண்டு. சோதனைகள் அதற்கு ஆதரவு தரவில்லை. அதை நம்பி மருத்துவமனைக்குச் செல்லத் தாமதிப்பது உயிருக்கு ஆபத்து. அதே பாம்புகளைப் பற்றி மரபறிவு எவ்வளவு பயன்தரும் என்பதற்குத் தமிழ்நாட்டு இருளர் பழங்குடியினர் உதாரணம். மண்ணிலுள்ள தடத்தையும் வளையையும் பார்த்துப் பாம்பைக் கண்டுபிடிக்கும் அவர்களுடைய திறமை, 1978 இல் உருவான இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கத்தின் வழியாக நஞ்சு எடுக்கும் தொழிலாக மாறியது. இந்திய நச்சுமுறி மருந்து உற்பத்திக்கு வேண்டிய நஞ்சின் பெரும்பகுதி அந்தச் சங்கத்திலிருந்தே கிடைத்து வந்திருக்கிறது. இலங்கை மருத்துவமனைகளில் ஏற்றப்படும் நச்சுமுறியோ இந்தியாவிலிருந்து வருவது. 2017 இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் பெருகிவிட்ட மலைப்பாம்புகளைப் பிடிப்பதற்கு வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இரண்டு இருளர் அழைக்கப்பட்டார்கள். 2023 இல் இந்திய அரசு அவர்களுக்குப் பத்மசிறீ விருது வழங்கியது. ஒரே பொருள் பற்றிய மரபறிவில் ஒரு பகுதி சோதனையில் தேறுகிறது, இன்னொரு பகுதி தேறவில்லை. பகுத்துப் பார்ப்பதில் அவமதிப்பு ஏதுமில்லை.

சோதிப்பதற்கு முன்னரே தள்ளிவிடுவதுதான் அவமதிப்பு. 1977 இல் சர்வதேசத் திமிங்கில ஆணைக்குழு, அலாஸ்காவின் வடகரையை ஒட்டிச் செல்லும் போஹெட் திமிங்கிலங்கள் 600 முதல் 2,000 வரையே எஞ்சியுள்ளன என்ற கணிப்பின் பேரில், அங்குள்ள பழங்குடியினரான இனுப்பியாட் மக்களின் வாழ்வாதார வேட்டைக்குத் தடை விதித்தது. பனிக்கட்டியின் விளிம்பில் நின்று கண்ணுக்குத் தெரியும் விலங்குகளை எண்ணிப் பெற்ற கணிப்பு அது. பனிக்கட்டிக்கு அடியாலும், கரையிலிருந்து பார்வைக்கு எட்டாத தூரத்திலும் திமிங்கிலங்கள் செல்கின்றன என்று வேட்டைக்காரர் கூறினர். அவர்களது கூற்று பொய்யாகவும் இருந்திருக்கலாம். வேட்டையில் அவர்களுக்கு நலன் இருந்தது. அதைச் சோதிக்க நீரடி ஒலிவாங்கிகளும் விமானப் பார்வையும் பயன்படுத்தப்பட்டன. திமிங்கிலங்கள் அவர்கள் சொன்ன வழியிலேயே சென்றுகொண்டிருந்தன. இந்நூற்றாண்டின் தொடக்கத்துக் கணிப்பில் தொகை 10,000 ஐத் தாண்டியது. கணக்கெடுப்பின் முறையே வேட்டைக்காரரின் சொல்லால் மாறியது என்பதுதான் இதில் நான் கவனிக்கும் செய்தி. அவர்களுக்கு ஒரு வினாக்கொத்து மட்டும் கொடுத்திருந்தால், எத்தனை திமிங்கிலம் கண்டீர்கள் என்ற கேள்விக்கு அவர்கள் பதில் எழுதியிருப்பார்கள். எண்ணும் முறை பிழை என்று எழுத அதில் இடம் இருந்திருக்காது.

உரிமை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நெல்லைத் தாக்கும் கபிலநிறத் தத்திக்கு எதிர்ப்புத் தரும் மரபணு ஒன்று இலங்கையின் ரத்து ஹீனட்டி என்னும் பாரம்பரிய நெல்லினத்திலிருந்து இனங்காணப்பட்டு, ஆசிய நாடுகளின் நெல்லினவிருத்தியில் பயன்பட்டது. அந்த நெல்லைப் போகம்தோறும் தெரிந்து விதைத்துக் காத்தவர் யாரென்பது எந்த ஏட்டிலும் இல்லை. நீரிழிவுக்கு நம் நாட்டு வைத்தியர் பயன்படுத்தி வந்த கோதல ஹிம்புட்டு என்னும் மூலிகை தொடர்பாக ஜப்பானிலும் அமெரிக்காவிலும் காப்புரிமைகள் பெறப்பட்டன. இதற்கு மாறாக, அகத்தியமலைப் பழங்குடியினரான காணிக்காரர் 1987 இல் ஆய்வாளருக்குக் காட்டிய ஆரோக்கியப்பச்சை என்னும் மூலிகையிலிருந்து உருவான மருந்துக்கு, உரிமக் கட்டணத்திலும் விற்பனைப் பங்கிலும் பாதியை அந்தச் சமூகத்துக்கு அளிக்கும் ஏற்பாடு கேரளத்தில் செய்யப்பட்டது. அந்த ஏற்பாட்டிலும் குறைகள் பேசப்பட்டன. ஆயினும் பேசுவதற்கு ஓர் ஏற்பாடாவது இருந்தது. பயனைப் பகிர்வது ஒருபுறமிருக்க, சில தகவல்களை வெளியிடாமல் இருப்பதும் உரிமையைச் சார்ந்ததே. கடற்பசு மேயும் கடற்புற்படுக்கை எங்கே என்று ஒரு மீனவர் நம்பிச் சொன்னதை புவியியல் ஆள்கூறுகளுடன் பொதுவெளியில் போட்டுவிட்டால், அதைக் கொல்ல வருபவருக்கும் அது வழிகாட்டியாகிவிடும்.

கொழும்பிலுள்ள நிறுவனங்கள் நாளையே செய்யக்கூடியவை உண்டு. மட்டக்குளி காக்கைத்தீவிலுள்ள தேசிய நீர்வாழ் வளங்கள் ஆராய்ச்சி நிறுவனமோ, பத்தரமுல்லையிலுள்ள சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனமோ, பல்கலைக்கழகங்களோ ஆய்வு முன்மொழிவை ஏற்கும்போது, இந்தக் கேள்வி அந்த ஊராரோடு கலந்து வகுக்கப்பட்டதா, அவர்கள் எதை மாற்றச் சொன்னார்கள் என்ற விபரத்தைக் கட்டாயமாகக் கேட்கலாம். ஒரு முதியவரை நாள் முழுவதும் குளக்கட்டில் நடக்கவைத்தால், அழைத்துவரப்படும் வளவாளருக்குக் கொடுப்பது போல் அவருக்கும் கொடுப்பனவு வழங்கலாம். அவர் விரும்பினால் கட்டுரையில் அவர் பெயர் இடம்பெற வேண்டும். விரும்பாவிட்டால் இடம்பெறக் கூடாது. முடிவுகள் தமிழிலும் சிங்களத்திலும் அந்த ஊருக்குத் திரும்ப வேண்டும். வடக்குக் கிழக்குக் குளங்களையும் களப்புகளையும் பற்றிய ஆங்கில அறிக்கைகள் கொழும்பு நூலகங்களில் நிறைய உள்ளன. அவை யாரைப் பற்றி எழுதப்பட்டனவோ அவர்களில் எத்தனை பேர் அவற்றைக் கண்டிருப்பார்கள்?

இதற்கென்று புதிய குழுவோ அலுவலகமோ அமைக்குமாறு நான் கோரவில்லை. குழுக்கள் நம்மிடம் போதிய அளவு இருக்கின்றன. ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர் அந்தந்தக் குளத்தின் கமக்காரரும் அதிகாரிகளும் கூடி, நீர் திறக்கும் நாளையும் விதைக்கும் பரப்பையும் தீர்மானிக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டம் ஏற்கனவே நடைமுறையில் உள்ளது. அந்தக் குளம் பற்றி ஆராய விரும்புபவர் தமது முன்மொழிவை முதலில் அங்கே தமிழில் வாசிக்கட்டும். ஆய்வு முடிந்ததும் அதே கூட்டத்தில் முடிவையும் வாசிக்கட்டும். கரையோரத்தில் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களின் பொதுக்கூட்டத்தில் இதையே செய்யலாம். பெரும்போகத்துக்கான கூட்டங்கள் மாரிக்கு முன்னர் கூடும். வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களில் ஒரு குளத்தொடரைத் தெரிந்து இவ்வாண்டே இதைத் தொடங்க நீர்ப்பாசனத் திணைக்களமும் கமநல அபிவிருத்தித் திணைக்களமும் முன்வர வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.